மோட்டார் ரூமை அளந்தவன்

ரத்தினபாண்டியின் தாய்மாமா மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்தாரென்றால், அந்த ஆளுக்கு வீட்டில் கல்யாணச் செலவு நெருக்குகிறதா, மாடு உதைக்கிற மாடா, ஆள் நேற்றே வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டானா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். வாயால் பேசுவதை ஒரு மரியாதைக்காகத்தான் கேட்டுக்கொள்வார். அவருடைய மருமகன் படித்துப் பட்டம் வாங்கி, மதுரையில் ஒரு நிறுவனத்தில் அளவீட்டுப் பிரிவின் தலைவனாக உட்கார்ந்து, அதே வித்தையைக் கைபேசியின் மேல் ஒட்டுகிற ஒரு மெல்லிய கண்ணாடிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான். மாமா உயிரோடு இருந்திருந்தால் தரகு கேட்டிருப்பார்.

அதற்கு விரல்கண்ணாடி என்று பெயர். பேருந்தில் உட்கார்ந்தால் இருக்கையே டிக்கெட் போட்டுவிடுகிற காலம் வந்திருந்தது. அதனால் ஒரு கண்ணாடி மனசை எடை போடுவதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. விரல் திரையில் படும்போது நாடி, ஈரம், நடுக்கம், அழுத்தம் நான்கையும் சேர்த்துப் பார்த்து, ஆள் எவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறான் என்று ஓர் எண்ணைச் சொல்லும். அலுவலகத்தில் அந்த எண்ணுக்குப் 'பளு' என்று பெயர். எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பளு குறைந்தது என்பதையும் கண்ணாடி குறித்துக்கொள்ளும். அப்படிக் குறைவதற்கு 'இறக்கம்'. சுமை தூக்குகிறவர்களின் பாஷைதான். பெயர் வைத்ததும் ரத்தினபாண்டிதான்.

நலத்துறை இந்தக் கண்ணாடியைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமையினர் தங்கள் மன அழுத்தத்தை இணையத்தில் எப்படித் தணித்துக்கொள்கிறார்கள் என்று துறைக்குத் தெரிய வேண்டும். எங்கே தணிகிறதோ அங்கே உதவியைக் கொண்டுபோய் வைக்கலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம். முன்பு ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். எல்லாரும் 'இசை கேட்பேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆட்களைச் சேர்த்துக் கொடுக்க ஒருவர்தான் முடியும் என்று எல்லாரும் கையைக் காட்டியது திலகவதியை. சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி அறையில் இருபது வருஷமாக அமைப்பு நடத்துகிறவர். திருநங்கை, ஐம்பது வயதுக்கு மேல், கலெக்டரையும் 'வாங்க தம்பி' என்று கூப்பிடக்கூடியவர். ரத்தினபாண்டி கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தான்.

"எங்க ஆளுங்க தராசுல ஏறி நிப்பாங்க சார். அதுக்கு முன்னாடி அந்தத் தராசு என்னென்ன பாக்கும்னு எனக்குத் தெரியணும்" என்றார் திலகவதி.

"பேர் வராதுக்கா. முகம் வராது. நம்பர் வராது. வெறும் விரல்தான்."

"விரல்ல மோதிரம் கிடந்தா?"

"மோதிரமும் வராது."

"போலீஸு கேட்டா?"

"எங்ககிட்டயே பேர் இருக்காதே. இல்லாத சரக்க எப்படிக் குடுக்கறது?"

திலகவதி சிரித்தார். "நீங்க கடைக்கார வீட்டுப் பிள்ளையா?"

"விருதுநகர்க்கா. அப்பா மிளகா மண்டி."

"அதான் பாத்தேன். சரக்கக் காட்டாமலே வித்துட்டீங்க. வாக்கு குடுங்க, எங்க புள்ளைக பேர் ஒண்ணுகூட வெளிய வராதுன்னு."

அவன் கொடுத்தான். அவர் கையில் அடித்தே கொடுத்தான்.

அந்த வாக்கில் ஓர் ஓட்டை இருந்தது. மண்டியில் வளர்ந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரியாத ஓட்டை. மண்டியில் மிளகாய் விளைவித்த சம்சாரியின் பேரைச் சரக்கு வாங்க வருகிறவனிடம் சொல்ல மாட்டார்கள். அது தொழில் மரியாதை. ஆனால் மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைச் சாக்கின் மேல் நீல மையில் பெரிதாக எழுதிவிடுவார்கள். ஊரை மறைத்தால் அது கள்ளச் சரக்கு. முப்பத்தொன்பது வயது வரை ரத்தினபாண்டி நேர்மை என்று நினைத்திருந்தது இதைத்தான்: ஆளை மறை, ஊரைச் சொல், தராசில் கை வைக்காதே.

கண்ணாடிகளைக் கொடுத்து மூன்று மாதம் விட்டார்கள். முதல் வாரம் எல்லாரும் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி நல்ல நல்ல பக்கங்களாகப் பார்த்தார்கள். அப்புறம் கண்ணாடி ஒட்டியிருப்பதே மறந்துபோயிற்று.

முடிவு வந்த அன்று கண்ணாடிப் பொறியாளர் ஜெசிந்தா அதைத் திரையில் போட்டாள். திண்டுக்கல்காரி. ரத்தினபாண்டி வயதுதான் இருக்கும். அலுவலகத்தில் யாருடைய காலை வாருவதென்றாலும் முறை வைத்து வாருவாள்.

"உதவி எண் பக்கம், ஆலோசனைப் பக்கம், இதுலயெல்லாம் பளு ஏறித்தான் இருக்கு. ஜோடி தேடற செயலிகள்ல ஏறி ஏறி எறங்குது, நம்ம பெரியார் பஸ் ஸ்டாண்டு ரோடு மாதிரி. பாட்டு, சினிமா, பரவாயில்ல. ஆனா பெரிய இறக்கம் எல்லாம் ஒரே எடத்துல விழுதுங்க. எங்கன்னு சொல்லுங்க பாப்பம்."

அவளே அடுத்த படத்தைத் தட்டினாள்.

"'தண்ணி மோட்டாரில் ஏர்லாக் எடுப்பது எப்படி.' ஒரு வீடியோ. எட்டு வருஷம் பழசு. அதுக்குக் கீழ இருக்கற கமெண்டுப் பகுதி."

அறை முழுக்கச் சிரித்தது. "இவங்களுக்கெல்லாம் வீட்ல தண்ணி வரலையா" என்றான் ஒருவன். "மோட்டார் மேல ஒரு இதுவா இருக்கும்" என்றான் இன்னொருவன். ரத்தினபாண்டியும் சிரித்தான். மற்றவர்களைவிட ஒரு விநாடி கூடுதலாகவே சிரித்தான். அந்த ஒரு விநாடி பிறகு பல நாள் அவன் காதுக்குள் கிடந்தது.

ஏனென்றால் அந்த இடம் அவனுக்குத் தெரியும். உள்ளே இருப்பவர்கள் அதை 'மோட்டார் ரூம்' என்பார்கள். ஐந்து வருஷமாக அவன் அங்கே இருக்கிறான். அங்கே அவன் பெயர் குண்டு மிளகாய்.

எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வீடியோவில் தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதர் மோட்டார் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, காற்று அடைத்திருந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது என்று விளக்குவார். அதோடு அவர் வேறு வீடியோ போடவில்லை. அதற்குக் கீழே என்றோ ஒரு பெண் எழுதினாள்: 'வீட்டில் என்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. என் எல்லாக் கணக்கையும் அண்ணன் பார்க்கிறான். இதை மட்டும் பார்க்க மாட்டான் என்று இங்கே எழுதுகிறேன். யாராவது இருக்கிறீர்களா?' மோட்டார் கோளாறுக்காக வந்த யாரோ ஒருவர், என்ன ஏது என்று புரியாமலே, 'எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. முதல்ல சாப்பிடுங்க' என்று பதில் போட்டிருந்தார். அதன் கீழே அவள் மாதிரி இன்னொருவர் வந்தார். அப்புறம் இன்னொருவர்.

அங்கே யாரும் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. இன்றைக்கு என்ன குழம்பு, ஹாஸ்டல் வார்டன் என்ன சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சட்டை என்ன நிறம். நடுநடுவே நிஜமாகவே மோட்டார் ஓடாதவர்கள் வருவார்கள். அவர்களுக்கும் சரியாகப் பதில் கிடைக்கும். மோட்டார் ரூம் ஆட்களில் பாதிப் பேர் இதற்குள் நல்ல மெக்கானிக் ஆகியிருந்தார்கள். ரத்தினபாண்டிக்கு வீட்டில் அக்கா ஒவ்வொரு வரனாகக் கொண்டுவந்து நீட்டும்போதெல்லாம், அவன் எழுந்து போய் மனம்விட்டுச் சொன்ன ஒரே இடம் அது: 'எனக்குப் பெண் வேண்டாம். எங்கள் கடைக்கு எதிரில் உரக்கடை வைத்திருந்தவனை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.' அதற்கு எவர்சில்வர் என்ற பெயரில் எழுதுகிற பெண் பதில் போட்டாள்: 'அண்ணாச்சி, உரம் விக்கிறவன்னா வாடை வருமே. பரவாயில்லையா?' அன்றைக்கு அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தான். அதிலிருந்து இரண்டு பேரும் தினம் நாலு வரி பேசாமல் இருந்ததில்லை. அவளுக்கு ஊர் அருப்புக்கோட்டை, வீட்டில் பாத்திரக்கடை, மனசு முழுக்க ஒரு கணக்கு டீச்சர். இவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இதைவிடக் கொஞ்சம் அதிகம்.

கூட்டம் கலைந்ததும் ஜெசிந்தா மட்டும் நின்றாள்.

"சார், இந்த மோட்டார் வீடியோவ எடுத்துட்டா என்ன? கண்ணாடிக் கோளாறுன்னு போட்டுடலாம். நான் எழுதிக் குடுக்கறேன்."

"ஏன் எடுக்கணும்?"

"கேலிக்கூத்தா இருக்கேன்னு சொன்னேன்."

"தராசுல கை வைக்கக் கூடாது ஜெசிந்தா. விழுந்த எடை விழுந்ததுதான்."

"அப்ப இடத்தோட பேர மட்டும் விட்டுடலாம். 'ஒரு பொதுப் பக்கம்'னு போதுமே."

"பேர் இல்லாத ஊரெல்லாம் ஊரா? அப்புறம் அறிக்கைய யார் நம்புவாங்க?"

அவள் சிறிது நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க சார். நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டாள்.

சொன்னதெல்லாம் நியாயம். வரிக்கு வரி நியாயம். ஆனால் அந்த நியாயத்துக்கு அடியில், துண்டுக்கு அடியில் இருக்கிற விரல் மாதிரி, வேறொன்று அசைந்துகொண்டிருந்தது. அளவு சரியாக விழுகிறதா என்று பார்க்க அளவீட்டுக்காரர்களும் அலுவலகக் கைபேசியில் கண்ணாடி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தக் கண்ணாடிகளில் மட்டும் எது யாருடையது என்று பதிவு இருக்கும். ரத்தினபாண்டி மோட்டார் ரூமுக்கு எப்போதும் சொந்தக் கைபேசியில்தான் போவான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டில் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த நேரம், சொந்தக் கைபேசியில் சார்ஜ் இல்லை. அவன் தாங்க முடியாமல் மாடிக்குப் போய் அலுவலகக் கைபேசியில் திறந்துவிட்டான். ஆக அந்தக் குவியலுக்குள் அவன் விரலும் எங்கோ கிடக்கிறது. அந்த இடத்தை மறைக்க வேண்டும் என்று அவன் வாயைத் திறந்தால் 'உனக்கென்ன அவ்வளவு அக்கறை' என்று யாராவது கிளறுவார்கள். கிளறினால் விரல் அகப்படும். வாயை மூடிக்கொண்டு நேர்மையாக இருந்துவிட்டால் ஒன்றும் இல்லை.

நேர்மையாக இருந்துவிட்டான்.

நலத்துறை இணை இயக்குநர் கோமதிநாயகம் அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "இதுதாங்க கண்டுபிடிப்பு. நாங்க கோடி கோடியா கொட்டி ஆலோசனை மையம் கட்டறோம், அவங்க ஒரு மோட்டாருக்குக் கீழ உக்காந்து பேசிட்டு இருக்காங்க. இந்த எடத்துக்கு நாம ஏதாவது பண்ணணும். பாதுகாக்கணும்."

"பண்ணலாம் சார்" என்றான் ரத்தினபாண்டி.

பண்ணினார்கள். அறிக்கை வெளியான வாரம் பத்திரிகைகள் எழுதின. எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அதுதான் கொடுமை. 'உங்களை நாங்கள் நேசிக்கிறோம்' என்று ஆயிரக்கணக்கானவர்கள் மோட்டாருக்குக் கீழே இதயம் போட்டுவிட்டுப் போனார்கள். கல்லூரிகள் பேராசிரியர் சகிதம் வந்து பார்த்தன. ஒரு மனநல நிறுவனம் 'உங்கள் பளுவை எங்களிடம் இறக்குங்கள்' என்று விளம்பரம் வைத்தது. துறை தன் பங்குக்கு வீடியோவின் மேல் ஒரு பச்சை முத்திரை குத்தியது: அங்கீகரிக்கப்பட்ட ஆறுதல் தளம். நாலு நாளில் பழைய ஆட்கள் ஒருவர்கூட இல்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்க அங்கே ஆளில்லை.

எவர்சில்வர் கடைசியாக எழுதியது அந்த இதயங்களுக்கு நடுவில் கிடந்தது. 'அண்ணாச்சி, யாரோ நம்மள அளந்துட்டாங்க அண்ணாச்சி. பத்திரமா இருங்க.'

அவன் பதில் எழுதி எழுதி அழித்தான். என்ன எழுதினாலும் அளந்தவன் எழுதுகிற மாதிரியே இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் திலகவதி கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்." குரலில் தேனும் இல்லை, காரமும் இல்லை.

சிம்மக்கல் மாடியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். சுடிதார் மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டைப்பை.

"இது சிவரஞ்சனி. அருப்புக்கோட்டை. பாத்திரக்கடைப் புள்ள" என்றார் திலகவதி. "இவர்தான்ம்மா அந்த அளவு எடுத்த சாரு."

ரத்தினபாண்டிக்கு உட்கார நாற்காலி இருந்தது. அவன் நின்றான்.

"பேர் வராதுன்னு சொன்னீங்க சார்" என்றார் திலகவதி. "ஒரு பேரும் வரல. வாக்கக் காப்பாத்திட்டீங்க. நான் உங்களக் கொறை சொல்லவே முடியாது, பாருங்க. எடத்தச் சொல்லுவீங்களான்னு நான் கேக்கல. கேக்காதது என் தப்பு."

"அக்கா..."

"இவ வீட்ல நடந்தத அவளே சொல்லட்டும்."

சிவரஞ்சனி யாரோ பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சொன்னாள். "டிவியில அந்த வீடியோவக் காட்டுனாங்க சார். எங்கண்ணன் என் போன வாங்கிப் பாத்தான். எங்க வீட்ல முனிசிபல் பைப்புதான். மோட்டாரே கெடையாது. 'மோட்டாரே இல்லாத வீட்ல இருந்துக்கிட்டு நாலு வருசமா நீ என்னடி ஏர்லாக் எடுக்கற'ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சதுக்குத்தான் மொத அடி."

கீழே தெருவில் ஒருவன் தர்ப்பூசணி விற்றுக்கொண்டு போனான்.

"வேலைக்கு விடல. போன உடைச்சுட்டான். நான் எழுதுனதப் படிச்சுட்டு, ஒரு கணக்கு டீச்சர் வீட்டுக்கும் போயி கத்திட்டு வந்துருக்கான். அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது சார், நான் பஸ்ல பாத்ததோட சரி. அவங்க மொகத்துல இனி நான் எப்படி முழிக்கறது? நேத்து கடைக்கு லோடு வந்த நேரம் பாத்து வந்துட்டேன்."

"நான் என்ன செய்யணும்?" என்றான் ரத்தினபாண்டி. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே, காயம்பட்டவனிடம் போய் ரசீது வேண்டுமா என்று கேட்கிற கடைக்காரன் குரல் அது என்று அவனுக்குப் பட்டது.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். அக்கா பாத்துக்கறாங்க. வேற ஒருத்தரத் தேடிக் குடுக்கணும். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

"யாரு?"

"மோட்டார் ரூம்ல குண்டு மிளகாய்னு ஒரு அண்ணாச்சி. விருதுநகர்ப் பக்கம் மிளகா யாவாரக் குடும்பம். வயசு கூட. பயந்த ஆளு சார். கூடப்பொறந்த அக்கா வீட்ல இருக்காரு, எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. நாங்கள்லாம் சின்ன வயசு, எங்கயாச்சும் ஓடி ஒளிஞ்சுக்குவோம். அவருக்கு யாருமே இல்ல. நான் எழுதுனதுக்கு அவரு பதிலே போடல. மாட்டிக்கிட்டாரோன்னு பயமா இருக்கு."

ரத்தினபாண்டி தன் செருப்பையே பார்த்தான்.

"உங்க மிஷின்ல எல்லார் விரலும் இருக்குமாமே. அவரு விரலும் இருக்கும்ல? நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. தப்பாச் சொன்னா மன்னிச்சுக்கங்க. அளந்தது அளந்துட்டீங்க, அதுல இந்த ஒரு நல்லதாச்சும் பண்ணுங்க. அவரு உசுரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. திலகவதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் வாடிக்கையாளரைச் சமாளித்த வம்சத்தில் வந்த வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"பாத்துட்டுச் சொல்றேன்ம்மா."

இறங்கி வந்தவன் கடைசிப் படியில் சற்று நின்றான். மேலே ஏறிப் போய்விடலாம். போகவில்லை. ஒரு வேலை இருக்கிறது, செய்துவிட்டு வந்து சொல்லலாம் என்று தனக்குத் தானே பேரம் பேசிக்கொண்டு ஆட்டோ பிடித்தான்.

அலுவலகத்தில் ஜெசிந்தா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் போய் நின்றான்.

"ஜெசிந்தா, ஒரு விரலத் தேடணும்."

"சாப்ட்டு முடிச்சுக்கவா, இல்ல விரலு ஓடிப்போயிருமா?"

"நம்ம அளவீட்டுக்காரங்க விரல்ல ஒண்ணு. மோட்டார் ரூமுக்குப் போயிருக்கு." அதைச் சொல்லிவிட்டு, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதுபோல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஒரு ஞாயித்துக்கிழம. அது யாருதுன்னு எல்லாருக்கும் முன்னாடி வெளிய எடு. நானே கேக்கறேன். எடு."

ஜெசிந்தா மோர்மிளகாயைக் கடித்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்படி ஒரு விரல் அதுல இல்ல சார்."

"இருக்கு. எனக்குத் தெரியும்."

"இருந்துச்சு. இப்ப இல்ல. நான் எடுத்துட்டேன்."

"எப்ப?"

"அது விழுந்த மறுநாள் காலையில. நீங்க தராசுல கை வைக்காதன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப முன்னாடி. மத்தவங்களுக்கு இறக்கம்னா சரிவுல எறங்கற மாதிரி இருக்கும். அது கெணத்துல குதிச்ச மாதிரி இருந்துச்சு. யாரா இருந்தா நமக்கென்ன, தூசு மாதிரிக் கெடக்குன்னு ஊதி விட்டுட்டேன்." அவள் தண்ணீர் குடித்தாள். "வேலைய விட்டுத் தூக்கறதுன்னா தூக்குங்க. தப்புதான்."

அவன் மெதுவாக உட்கார்ந்தான். எதற்குப் பயந்து அந்த இடத்தின் பெயரை எழுதினானோ, அந்தப் பயத்துக்கு அப்போதே காரணம் இருக்கவில்லை. அந்தக் குவியலில் அவன் விரல் இல்லவே இல்லை. வாயைத் திறந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இல்லாத திருடனுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறான். அதிலும் தன் வீட்டை மட்டுமா.

"அன்னைக்கு அந்த எடத்த விட்டுடலாம்னு ரெண்டு தடவ கேட்டேன்" என்றாள் ஜெசிந்தா, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "அந்த விரல்தான் அப்பவே போயிருச்சே. அப்ப யாருக்காகக் கேட்டேன்னு நெனச்சீங்க?"

பதிலுக்கு நிற்காமல் அவள் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள். வழக்கமாக அவள் கதவைச் சாத்துகிறவள் இல்லை.

ரத்தினபாண்டி திலகவதியின் எண்ணுக்குப் போன் போட்டான். அவர் 'இந்தாம்மா, சாரு' என்று அங்கேயே கைமாற்றிக் கொடுப்பது கேட்டது.

"சார், கெடச்சாரா?"

"கெடச்சுட்டாரும்மா."

"மாட்டிக்கிட்டாரா?"

"மாட்டல. அவருக்கு ஒண்ணும் ஆகல. கூட வேல பாக்கறவங்க ஒருத்தர் அவருக்கே தெரியாமக் காப்பாத்திட்டாங்க."

மறுமுனையில் அவள் மூச்சு விட்டது காற்று மாதிரி வந்து விழுந்தது. "அக்கா, அண்ணாச்சி நல்லாருக்காராம்" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவளிடமே விட்டுவிட்டுப் போனை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நல்ல லாபமான யோசனை. இரண்டு பக்கமும் நஷ்டமில்லை.

"ரஞ்சனி" என்றான். "அது நான்தான்."

"எது சார்?"

"குண்டு மிளகாய்."

"உரக்கடக்காரரு பேரு என்ன?" என்றாள். குரல் மாறியிருந்தது, நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் குரல்.

"பேர் சொன்னதில்ல. ஊதா சட்ட போடுவான்னு மட்டும் சொல்லியிருக்கேன். அதுக்கு நீ, கத்திரிக்கா மாதிரி இருக்குமே அண்ணாச்சின்னு கேட்ட."

"அப்ப அந்த அறிக்கைய எழுதுனது?"

"அதுவும் நான்தான்ம்மா."

"எங்க எடம்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவன் காத்திருந்தான். அவள் திட்டினால் ஒவ்வொரு சொல்லையும் கைநீட்டி வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அதுகூட ஒருவிதத்தில் கணக்கு முடிக்கிற ஆசைதான். வசவு வரவில்லை. அவள் மெதுவாக, கடையில் தவறான பாத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்ட பையனிடம் சொல்வது போல, மரியாதை குறையாமல் சொன்னாள்.

"சார், நீங்க வேற யாரையோ பாத்துட்டு வந்து சொல்றீங்க. எங்க அண்ணாச்சி பயந்தாங்கொள்ளிதான், ஆனா அப்படிப்பட்ட ஆளு இல்ல. இன்னொரு தடவ நல்லாத் தேடுங்க. என்னைக்காச்சும் கெடச்சா, நான் இங்க அக்காகிட்டதான் இருக்கேன், வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க."